இரண்டே முக்கால் பெண்கள்

அக்காள் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு சுவரொட்டியின் மாதிரியைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். "பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கனவுகள்" என்று மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. நடுவில் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் ஒரு சிறுமி. கீழே நிதி திரட்டும் நடைப்பயணத்தின் தேதி. "சித்தி, நீங்களும் கல்லூரியில் இதைத்தானே செய்தீர்கள்? மலாவிக்குத்தான் நாங்களும் அனுப்பப் போகிறோம். தொடக்க நாளில் வந்து பத்து நிமிடம் பேசுங்கள், போதும்" என்று கூடவே ஒரு செய்தி. யோசிக்காமல் சரி என்று பதில் போட்டுவிட்டேன். பேச்சை எழுத உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை. மூன்று இரவுகள் எழுதுவதும் அழிப்பதுமாகப் போயின. ஒவ்வொரு முறையும் ஒரு பழைய மின்னஞ்சல் குறுக்கே வந்து நின்றது. மொத்தம் ஏழு வரி. அதற்கு நான் எழுதிய பதில் நான்கு வரி. அந்த நான்கு வரியை எழுதிய ஆள் எந்த முகத்தோடு மேடை ஏறிப் பேசுவது?

எங்கள் குழு ஆறு பேர் சேர்ந்து தொடங்கியது. பெண்கல்விக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற துடிப்பு இருந்தது. என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. ஐந்து தொண்டு அமைப்புகளுக்கு எழுதிப் போட்டோம். முதலில் பதில் எழுதியது மலாவியில் இயங்கிய ஒரு சிறிய அமைப்பு. மலாவியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இருந்த ஒரே காரணம் அதுதான். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றுக்கும் இடையே, ஒரு பெரிய ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் அந்த நாட்டை வரைபடத்தில் கண்டுபிடிக்கவே எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அமைப்பின் செயலாளராக இருந்தவர் ஓர் அம்மையார். எங்கள் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கி எழுதினார். தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை அரசு 1994இலேயே நீக்கிவிட்டது. எட்டு ஆண்டுத் தொடக்கக் கல்வி முடிந்ததும் ஒரு தேர்வு. அதில் தேறி, இடமும் கிடைத்தால் நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளி: ஃபார்ம் 1 முதல் ஃபார்ம் 4 வரை. இதற்குத்தான் அன்று செலவு. கட்டணம், சீருடை, தேர்வுக்குக் கட்டும் பணம். விடுதி இல்லாத பள்ளியில் இடம் கிடைத்து, வீடும் தொலைவில் இருந்தால் அறை வாடகையும் சேரும். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறையை எடுத்து, தாங்களே சமைத்துக்கொண்டு, பெரியவர் துணை இல்லாமல் இருந்து படிக்கிறார்கள் என்று அவர் எழுதியதைக் கூட்டத்தில் நான்தான் உரக்கப் படித்தேன். படிக்கும்போது குரல் தழுதழுத்தது. என் குரல் தழுதழுத்ததைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடலாம்.

நடைப்பயணம் நடத்தினோம். மைதானத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று ஆள் பிடித்தோம். நான் முப்பத்தொரு சுற்று. கால் கொப்புளத்தை எல்லாருக்கும் காட்டினேன். சேர்ந்த தொகை பதினொரு பெண்களுக்கு ஓராண்டுச் செலவுக்குச் சரியாக இருந்தது. ஆண்டு மலரில் எங்கள் ஆறு பேர் படமும், அதன் கீழே "மலாவியில் பதினொரு பெண்களைப் படிக்க வைத்த மாணவர்கள்" என்ற வரியும் வெளிவந்தன.

படிக்க வைத்தல் என்ற சொல்

அந்த வரியில் இருக்கும் சொல்லைப் பிறகு பல முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். "என் மகளை நான்தான் படிக்க வைத்தேன்" என்று ஒரு தாய் சொன்னால், ஒரு வருடம் கட்டணம் கட்டியதையா சொல்கிறாள்? முதல் நாள் வகுப்பு வாசலில் விட்டதிலிருந்து கடைசித் தேர்வு எழுதி வெளியே வந்தது வரை மொத்தத்தையும் அந்த ஒரு வினைக்குள் வைத்துத்தான் சொல்கிறாள். நடுவில் நோய் வந்திருக்கும், வேலை போயிருக்கும், நகை அடகுக்குப் போய்த் திரும்பியிருக்கும். அத்தனைக்கும் பிறகு வருகிற இறந்தகாலம் அது. நாங்கள் அதை ஒரு சனிக்கிழமையின் முடிவில் எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

மின்னஞ்சல் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் வந்தது. பதினொரு பேரும் ஃபார்ம் 1 முடித்துவிட்டார்கள், ஃபார்ம் 2 கட்டணம் செலுத்த வேண்டிய நாள் நெருங்குகிறது, பணம் எப்போது வரும் என்று தெரிவித்தால் பள்ளிகளுக்குச் சொல்லிவிடலாம். இவ்வளவுதான் செய்தி. கெஞ்சல் இல்லை, படம் இல்லை. பணம் வருமா என்றுகூட அவர் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டிருந்தார். நாங்கள் தொடர்ந்து அனுப்புவோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. அனுப்ப வேண்டியிருக்கும் என்பது எங்களுக்கும் தோன்றவில்லை.

அதற்குள் குழுவில் புதியவர்கள் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். ஆறு பேரில் மூவர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். நான் இறுதியாண்டு. ஓராண்டுக்கு ஒரு நோக்கம் என்பது குழுவின் விதி; விதியை எழுதியதும் நாங்கள்தான். புதியவர்கள் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்ட முடிவு செய்திருந்தார்கள். நல்ல நோக்கம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. உண்மையில் அப்படிப்பட்ட குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான நோக்கம் அமையாது என்று இப்போது தோன்றுகிறது. கண்புரையை ஒரு நாளில் நீக்கிவிடலாம். பணம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு காணாமல் போனாலும் பார்வை போய்விடாது. பள்ளிப் படிப்பு அப்படிப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை அன்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தேர்வுகள் இருந்தன. "நீங்களே ஒரு பதில் போட்டுவிடுங்கள், உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்" என்றார்கள். போட்டேன். இந்த ஆண்டு எங்கள் குழு வேறொரு திட்டத்தை மேற்கொண்டிருக்கிறது, பதினொரு மாணவியருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள், தங்கள் பணி சிறக்கட்டும், இப்படிக்கு. மரியாதையான, பிழையில்லாத நான்கு வரிகள்.

அவருடைய மறுமொழி இரண்டு நாள் கழித்து வந்தது. கடிதம் கிடைத்தது, நான்கு பேருக்கு வேறு வழியில் ஏற்பாடு செய்ய முயல்கிறோம் என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி: "அடுத்த முறை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஓராண்டுக்கு மட்டும் என்று தெரிந்திருந்தால் ஃபார்ம் 4 பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்போம்."

அந்த வரியில் கோபம் இல்லை. நிர்வாகம் தெரிந்த ஒருவர், நிர்வாகம் தெரியாத ஒருவருக்குச் சொன்ன குறிப்பு அது. அதனால்தான் தைத்தது. எங்கள் பணம் குறைவு என்று அவர் சொல்லவில்லை. அதே பணம், அதே ஓராண்டு, படிப்பை முடிக்கும் தறுவாயில் தேர்வுக்கட்டணத்துக்கும் வாடகைக்கும் தடுமாறிக்கொண்டிருந்த பதினொரு பெண்களிடம் போயிருந்தால், பதினொரு பேரும் பள்ளியிறுதித் தேர்வு எழுதியிருப்பார்கள். ஆண்டு மலரில் வந்த வரியில் பாதியாவது உண்மையாகியிருக்கும். நாங்கள் செய்ததோ பதினொரு பேரை ஒரு படி ஏற்றிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போனது. மீதி ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பணம் ஒழுங்காகத்தான் போனது

மாணவர்கள் நிதி திரட்டுவது பற்றிப் பேச்செடுத்தால் உடனே மோசடிக் கதைகள் வரும். தொண்டு அமைப்பு ஒன்றை நடத்திய அமெரிக்கர் கிரெக் மார்ட்டென்சனின் கதை வராமல் இராது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளி கட்ட என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் அவருடைய அமைப்பின் கணக்குகள் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. மொன்டானா மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். 2012இல் சுமார் 10 லட்சம் டாலரை அமைப்புக்குத் திருப்பித் தர மார்ட்டென்சன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் சில்லறையில் இப்படியா என்று படித்தவர்களுக்கெல்லாம் மனம் கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் இத்தகைய கதைகள் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதியையும் செய்து கொடுக்கின்றன. மோசடி இல்லை என்றால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் ஒரு காசு பிசகவில்லை. பதினொரு ரசீதுகளும் வந்து சேர்ந்தன, கோப்பில் தைத்தும் வைத்தோம். ரசீது சரியாக இருந்தது. நான்கு ஆண்டுப் படிப்பில் மூன்று ஆண்டுகளைக் காணவில்லை.

பேச்சுக்காகக் குறிப்பு தேடியபோது அக்காள் மகளின் சுவரொட்டியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். உலகில் 12.9 கோடிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்பது யூனிசெஃப் சில ஆண்டுகளுக்கு முன் சொன்ன கணக்கு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தொடக்கப் பள்ளி வயதில் 3.2 கோடி, அதற்கடுத்த நிலையில் 3 கோடி, மேல்நிலை வயதில் 6.7 கோடி. பாதிக்கு மேல் கடைசிப் பிரிவில். சுவரொட்டியில் சிலேட்டோடு சிரிக்கும் குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். சிக்கலின் பெரும்பகுதிக்கோ பதினாறு வயது. பதினாறு வயதுப் பெண் படத்தில் அவ்வளவு கொஞ்சலாகச் சிரிப்பதில்லை, அதனால் சுவரொட்டிக்கு அவள் சரிப்பட்டு வருவதில்லை. எங்கள் சுவரொட்டியிலும் ஒரு குழந்தைதான் இருந்தது. ஃபார்ம் 1 மாணவிக்கான நிதிக்கு!

எது பலன் தருகிறது என்பது பற்றியும் நாங்கள் யோசித்ததில்லை. மனத்துக்கு நியாயமாகப் பட்டதே உண்மை என்று நம்பியிருந்தோம். மாதவிடாயால்தான் பெண்கள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். நேபாளத்தின் சித்வனில் ஆய்வாளர்கள் போய் நாள் கணக்குப் பார்த்தபோது, அதனால் தவறிய பள்ளி நாள் ஓராண்டில் சராசரியாக அரை நாள்கூட இல்லை. (மாதவிடாய்க் காலத்துக்கான வசதிகள் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு மானமாக இருக்க உரிமை உண்டு, அதற்கு வருகைப் பதிவேட்டின் சாட்சி தேவையில்லை.) பலன் தந்தவை பெரும்பாலும் சலிப்பூட்டும் விஷயங்கள். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007இல் சில கிராமங்களில் அந்தந்த ஊருக்குள்ளேயே சிறு பள்ளி திறந்தார்கள். சிறப்பான கட்டடம் எதுவும் கிடையாது. தூரம் குறைந்தது, அவ்வளவே. பெண்பிள்ளைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் ஏறியது, ஆண் பெண் இடைவெளி ஏறத்தாழ மறைந்துபோனது. இன்று அதே நாட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்க 2021 முதல் தடை. எத்தனை ஆயிரம் சுற்று நடந்தாலும் அந்தக் கதவைத் திறக்க நம் பணத்தால் ஆகாது.

வங்கதேசத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அங்கே 1994இல் அரசு கிராமப்புறப் பெண்களுக்கு உதவித்தொகையை நாடு தழுவிய திட்டமாக்கியது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. 75 சதவீத வருகை வேண்டும், 45 சதவீத மதிப்பெண் வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பணம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழும். நிபந்தனைகளைப் பற்றி வாதிடலாம், தொகை சிறிது என்று சொல்லலாம். ஆனால் ஆறாம் வகுப்பில் கால் வைக்கும் பெண்ணுக்கும் அவளுடைய தந்தைக்கும் பத்தாம் வகுப்பு வரை கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் நம்பிக் கணக்குப் போட்டது ஐந்து ஆண்டுகளை. நாங்கள் அனுப்பிய பணத்தை நம்பி ஒரு தந்தை என்ன கணக்குப் போட்டிருப்பார்? மகளுக்குப் பேசி வந்த சம்பந்தத்தைத் தள்ளிப் போட்டிருப்பாரோ? ஆட்டை விற்காமல் வைத்திருப்பாரோ? தெரியாது. ஆனால் ஏதோ ஒரு கணக்கு மாறியிருக்கும்.

சிறிதாகத் தொடங்கியதுதான் குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் பெண்கல்விக்கு உதவும் கேம்ஃபெட் அமைப்பைத் தொடங்கிய ஆன் காட்டன் வீட்டில் கேக் செய்து விற்றுத்தான் முதல் பணத்தைச் சேர்த்தார். 1993இல் ஜிம்பாப்வேயில் 32 பெண்களுக்கு உதவியதோடு ஆரம்பம். எங்கள் நடைப்பயணத்துக்கும் அந்தக் கேக்குகளுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அவர் அடுத்த ஆண்டும் இருந்தார். 1998இல், உதவி பெற்றுப் படித்து முடித்த பெண்களே தங்களுக்குள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, அடுத்து வரும் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கத் தொடங்கினார்கள்.

கணக்கு நோட்டு

பேச்சை எழுத முடியாமல் கடைசியில் அக்காள் மகளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வரி, நான்கு வரி, ஃபார்ம் 4 வரி, எல்லாம். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "அப்படியானால் நாங்கள் எதுவும் செய்யவே கூடாது என்கிறீர்களா, சித்தி?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். பாவத்தைச் செய்தவள் நான், விரதம் அவளுக்கா?

எங்கள் பழைய கணக்கைச் சொன்னேன். பதினொரு பெண்களுக்கு ஓராண்டு என்பது பதினொரு ஆண்டுகள். நான்கால் வகுத்தால் இரண்டே முக்கால். நாங்கள் உண்மையில் திரட்டியது இரண்டே முக்கால் பெண்களைப் படிக்க வைக்கும் பணம். அதைச் சுவரொட்டியில் போட முடியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. உடனே காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டாள் போலிருந்தது. "எங்கள் இலக்கு பன்னிரண்டு. இரண்டு பேருக்கு நான்கு ஆண்டும் என்றால் எட்டு. மீதி நான்கை ஃபார்ம் 4 பிள்ளைகள் நான்கு பேருக்குக் கொடுத்தால்? அவர்களுக்கு ஓராண்டுதானே தேவை. மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் படிப்பை முடிப்பார்கள்." இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்துப் புழுங்கிய எனக்கு இந்தக் கூட்டல் தோன்றவில்லை. அவளுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

அவர்கள் கூட்டத்தில் இது எளிதாக நிறைவேறவில்லை என்று பிறகு சொன்னாள். பன்னிரண்டு ஆறாகக் குறைந்தால் கொடுப்பவர்களின் உற்சாகம் குறையும் என்று ஒருவன் வாதாடினான். நாம் திரட்டிய பணத்தை நாமே செலவழிக்காமல், முகம் தெரியாத அடுத்த குழுவின் கையில் ஏன் விட்டுப் போக வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். எட்டு ஆண்டுப் பணத்தையும் இப்போதே அனுப்பிவிடலாமே என்றும் ஒரு யோசனை. அதற்கு அமைப்பிடமே கேட்டு எழுதினார்கள். மலாவியின் குவாச்சா நாணயத்தின் மதிப்பை அந்நாட்டு மத்திய வங்கியே குறைக்க நேர்ந்ததில், டாலரின் விலை குவாச்சாவில் 2022 மே மாதம் 25 சதவீதமும், 2023 நவம்பரில் 44 சதவீதமும் ஏறியது. பணத்தைக் குவாச்சாவாக மாற்றி அங்கே போட்டு வைத்தால் மூன்றாம் ஆண்டில் என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில், பணம் இங்கேயே ஒரு தனிக் கணக்கில் இருக்கும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போகும், வேறு எதற்கும் எடுக்க முடியாது என்று முடிவாயிற்று. விலைவாசி ஏறித் துண்டு விழுந்தால் அந்தந்த ஆண்டுப் பொறுப்பாளர் ஈடுகட்ட வேண்டும். சிலேட்டுக் குழந்தையின் படத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது சுவரொட்டியில் படமே இல்லை, ஆறு என்ற எண் மட்டும். அழகாக இல்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு நீள நோட்டு. முதல் பக்கத்தில் கோடு போட்டு நான்கு வரிசைகள்: ஃபார்ம் 1, ஃபார்ம் 2, ஃபார்ம் 3, ஃபார்ம் 4. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் தொகையும், அந்த ஆண்டு துண்டு விழுந்தால் பொறுப்பு யார் என்று ஒரு பெயரும் எழுத வேண்டும். முதல் வரிசையில் அவள் பெயர். இரண்டாவதில், இப்போது முதலாண்டு படிக்கும் ஒரு பெண்ணின் பெயர். மூன்றாவதில் பென்சிலால் யாரோ ஒருவர் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் கேள்விக்குறி. நான்காவது காலியாக இருந்தது. "அப்போது எங்களில் யாருமே கல்லூரியில் இருக்க மாட்டோம், சித்தி. அடுத்து வருபவர்கள் நீங்கள் போட்டதைப் போல ஒரு பதில் போட்டுவிட்டால்?" என்றாள். வேண்டுமென்று குத்திச் சொன்னாளா என்று தெரியவில்லை. பேனாவை வாங்கி நான்காவது வரிசையில் என் பெயரை எழுதினேன். தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னாள்.